மேஜிக் வரும்போது மட்டும்

மேடையில் நின்ற மேஜிக்காரர் வெள்ளைக் கைக்குட்டையை உதறிக் காட்டினார். உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டினார். பிறகு கூட்டத்தைப் பார்த்து வாயைத் திறந்தார். வந்தது என் உம்மாவின் குரல்.

“மாடி வேணாங்க. கீழ கட்டியிருக்கிறதே போதும். இந்தத் தடவ வந்தா திரும்பிப் போவேணாம்...”

அவ்வளவுதான். உடனே பேண்டு வாத்தியம் திரும்ப வந்துவிட்டது. கைக்குட்டைக்குள்ளிருந்து ஒரு புறா பறந்தது. எப்போதோ கொழும்பில் ஓர் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. புதுமடத்தில் எங்கள் வீட்டு மாடி அறை. மேசையில் பழைய வீடியோ டெக், அதிலிருந்து மடிக்கணினிக்கு ஒரு கேபிள், பக்கத்தில் ஆறிப்போன தேநீர். வாப்பா மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தார். உம்மா வெளியே மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சன்னல் திறந்திருந்தது.

டெக்கை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். உம்மா வாசலில் நின்றாள். கையில் வாப்பாவின் கைலி. இன்னும் பிழியாத கைலி. தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“எந்தக் கேசட்டு அது?” என்றாள்.

“பதினேழு.”

“நம்பரு யாரு கேட்டா? அதத் தூக்கிக் கடல்ல போடு.”

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதிய ஏர்வாடிக் கேசட்டுகளைப் பற்றிப் படித்த ஒருவர், “ஊரார் வீட்டுக் கேசட்டையெல்லாம் எழுதுகிறீர்கள், உங்கள் வீட்டில் ஒன்றுமே இல்லையா?” என்று கேட்டிருந்தார். இருக்கிறது. உம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “நீ கேட்ட அந்த ஒரு வரிய எழுதிக்க. மத்தது ஒனக்கும் தெரியாது, படிக்கிறவங்களுக்கும் தெரிய வேணாம்” என்று அனுமதி கொடுத்தாள்.

கொழும்பைப் பார்த்து நின்ற கம்பிகள்

இந்தக் கரையில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர்களுக்கு டிவி வந்த காலத்தில் நம் நாட்டு நிலையம் சரியாக எடுக்காது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கொழும்பு டிவி எடுக்கும். அதனால் வீட்டுக்கு வீடு இரும்புக் குழாய்களை ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டி, தென்னை உயரத்துக்கு ஆன்டெனா நட்டு, அதன் முகத்தைக் கடல் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். ஊருக்குள் நுழைகிறவர்களுக்குப் பள்ளிவாசல் மினாராவுக்கு முன்பே இந்தக் கம்பிகள்தான் தெரியும் என்று பெரியவாப்பா சொல்வார். பெரியவாப்பா என் வாப்பாவின் அண்ணன். அப்போது கூட்டுக் குடும்பம். வீட்டில் அவர் சொல்தான்.

படம் வருவதும் வராததும் காற்றின் கையில் இருந்தது. மேற்கே இருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் திரை முழுக்க வெள்ளைப் புள்ளி. காற்று விழுந்து, கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடக்கும் சாயங்காலங்களில் கொழும்பு அடுத்த தெருவில் இருப்பதுபோல் தெரியும்.

கல்லூரியில் இதற்கு விளக்கம் சொன்னார்கள். சூடான காற்று கடலுக்கு மேலே ஒரு மூடிபோல் நின்று, அலைகளைத் தப்பவிடாமல் வளைத்துக் கொண்டுவந்து சேர்க்கிறதாம். வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை. அது எனக்கு உம்மா சொல்லி ஏற்கெனவே தெரியும். “மேலெல்லாம் வேத்துக் கொட்டுச்சுன்னா கேசட்ட எடுத்து வைக்கணும். அன்னைக்குப் படம் கண்ணாடியாட்டம் வரும்” என்பாள்.

கொழும்பு டிவியில் வாரம் ஒரு பல்சுவை நிகழ்ச்சி வரும். ஒரு மணி நேரத்துக்குள் என்னென்னவோ இருக்கும். பாட்டு இருக்கும். தண்ணீர் ஊற்றிய போத்தல்களைக் கரண்டியால் தட்டி இசைக்கும் மூன்று சகோதரர்கள் வருவார்கள். ரயில் புறப்படுவதை வாயாலேயே செய்துகாட்டும் ஒருவர் வருவார். கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையை வைத்து ஒரு நகைச்சுவை நாடகம், பள்ளிப் பிள்ளைகளின் நடனம், சில வாரங்களில் மேஜிக். கறுப்புக் கோட்டுப் போட்ட தொகுப்பாளர் இரண்டு மொழிகளில் மாறி மாறிப் பேசி எல்லாவற்றையும் ஒட்டவைப்பார்.

வாப்பா அப்போது ஷார்ஜாவில். கல்யாணம் முடிந்து முதல் லீவில் வந்தபோது ஒரு வீடியோ டெக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நான் பிறப்பதற்கு முந்தைய கதை இது. நிகழ்ச்சியைப் பதிவு செய்து, ஷார்ஜா போகிற யாரிடமாவது கேசட்டைக் கொடுத்தனுப்புவது உம்மாவின் வேலை. அங்கே ஓர் அறையில் எட்டுப் பேர். எட்டுப் பேரும் இந்தக் கரைக்காரர்கள். பார்த்து முடித்தபின் வாப்பாவிடமிருந்து கடிதம் வரும்.

கடிதத்தைப் பிரிப்பது பெரியவாப்பா. கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து உரக்கப் படிப்பார். எங்கள் தெருவில் அப்போது கடிதம் என்றால் அப்படித்தான். உறையின்மேல் யார் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது வீட்டுக்கே சொந்தம். சலாம், சுகம், யாருக்கு என்ன சாமான் என்று போய், முடிவில் எப்போதும் ஒரே வரி வரும்: ‘ஆன்டெனா கம்பி நல்லா நிக்கிதா?’

பெரியவாப்பா கடிதத்தை மடித்துக்கொண்டே சொல்வாராம்: “இவனுக்குப் பொண்டாட்டிய விடக் கம்பி மேலதான் கவல. என்ன சபுரா, நிக்கிதுன்னு எழுதிப் போட்ருவமா?”

“எழுதிருங்க மச்சான்” என்று அடுப்படியிலிருந்து பதில் வருமாம். சபுரா என் உம்மா.

அந்தக் கம்பி ஒரு புயல் வருடத்தில் சாய்ந்து, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவரின் வண்டியில் ஏறிப் போய்விட்டது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் அதைப் பிடித்திருந்த இரும்புப் பட்டை மட்டும் மிச்சம். உம்மா துணிக்கொடியின் ஒரு முனையை அதில்தான் கட்டியிருக்கிறாள்.

பாச்சை உருண்டை வாசனை

நான் மின்னணுப் பொறியியல் படித்தவள். வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்துக்கு ஒலிக்கருவிகளைச் சோதித்துக் கொடுக்கிறேன். மிச்ச நேரத்தில் இந்தக் கரை முழுக்க அலைந்து, கொழும்பு நிகழ்ச்சிகள் பதிவான கேசட்டுகளைச் சேர்க்கிறேன். சுத்தம் செய்து, கணினியில் ஏற்றி, அட்டவணை போட்டு வைக்கிறேன். எந்த ஊர், எந்த வீடு, பதிவு செய்த அன்றைக்குக் காற்று எப்படி இருந்திருக்கும், பூஞ்சை எவ்வளவு, உள்ளே என்னென்ன உருப்படிகள் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு.

வாலிநோக்கத்தில் உப்பள மேஸ்திரி ஒருவர், “எங்கூட்டுக் கேசட்ல பிலிம் இருக்காது புள்ள, ஒடச்சா உப்புத்தான் கொட்டும்” என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. ஏர்வாடியில் தர்காவுக்கு வருபவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் அக்கா, கேசட்டுகளை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தார். ஈரத்தை அரிசி குடித்துக்கொண்டது. என்னிடம் இருப்பதிலேயே சுத்தமான படம் அவருடையதுதான். மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கும் ஓர் ஆசிரியை, திரையில் வருபவர்களில் தனக்குத் தெரிந்தவர்களின் பெயர்களைச் சொல்லிக் கொடுக்கிறார். சில பெயர்களைச் சொன்னபின் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நானும் அடுத்ததைப் போடாமல் காத்திருப்பேன்.

எதற்கு இதெல்லாம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. வாயால் ரயில் விட்டவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியாது. இருக்கிறாரா என்றும் தெரியாது. வாலிநோக்கம் கேசட்டில் அவருடைய ரயில் இன்றைக்கும் புறப்பட்டுப் போகிறது. அது போகட்டும் என்றுதான்.

எங்கள் வீட்டுக் கேசட்டுகள் மட்டும் கைக்கு வர நாளாயிற்று. அவை உம்மாவின் பீரோவில், கல்யாணச் சேலைக்கு அடியில், பாச்சை உருண்டைகளுக்கு நடுவே பூட்டியிருந்தன. வாப்பா லீவில் வரும்போதெல்லாம் பார்த்து முடித்ததை அட்டைப் பெட்டியில் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். அவள் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவாள். சின்ன வயதில் நான் கேட்டால், “அது வீணாப் போன கேசட்டு” என்பாள்.

போன வருடம் நான் விடாமல் கேட்டதில் முதல் கேசட்டை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். அதை ஓட்டியபோது மாடிப்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டு வந்தது. நாடகம் வந்தது. மேஜிக் வந்தது, பின்னணியில் பேண்டு வாத்தியம் கேட்டது. “எல்லாம் அழிஞ்சுபோச்சு போல” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். பூஞ்சையைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் பீரோச் சாவியையே கொடுத்துவிட்டாள்.

வாப்பாவும் கோழியும்

எங்கள் வீட்டுக் கேசட்டுகளை அட்டவணையில் ஏற்றும்போது ஒன்று கண்ணில் பட்டது. எல்லாவற்றிலும் மேஜிக் இருந்தது. மற்ற வீட்டுக் கேசட்டுகளில் எப்போதாவது ஒன்று வரும். எங்கள் வீட்டில் மேஜிக் வந்த வாரங்கள் மட்டுமே பத்திரமாக இருந்தன. வாப்பாவுக்கு மேஜிக் மேல் பைத்தியம் என்று முடிவு செய்தேன்.

எனக்கு வாப்பாவை அதிகம் தெரியாது. வளரும் வயதில் அவர் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாதம் வந்துபோகும் ஆள். அத்தர் வாசனையோடு வந்து, எங்கள் வீட்டு வாசனை ஏறும் நேரத்தில் கிளம்பிவிடுவார். சில வருடங்களுக்கு முன்புதான் ஒரேயடியாக ஊர் திரும்பினார். அவரோடு எதையாவது பேசவேண்டுமே என்று, ராமநாதபுரம் பொருட்காட்சியில் மேஜிக் நடந்தபோது அழைத்துப்போனேன். முன்வரிசையில் கைகளை மடியில் வைத்து, நிக்காஹ்வுக்கு வந்தவர்போல் மரியாதையாக உட்கார்ந்திருந்தார். காலிக் கூடைக்குள்ளிருந்து கோழி வந்தது.

“எப்படி வாப்பா இருந்துச்சு?”

“கோழி நல்லாருந்துச்சு” என்றார்.

வீட்டில் சண்டை குறைவு. வந்தாலும் ஒரே இடத்தில்தான் போய் முடியும். வாப்பா சொல்வார்: “நீ ஒரு வார்த்த போவேணாம்னு சொல்லிருந்தா நான் அப்பவே வந்துருப்பேன்ல? சொன்னியா?” அதைக் கேட்டதும் உம்மா எழுந்து போய்விடுவாள். தட்டில் பாதிச் சோறு இருந்தாலும் அப்படியே எழுந்து போய்விடுவாள். அவள் சுபாவம் அது என்று நினைத்திருந்தேன்.

சிவப்புப் புள்ளி

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்புகிறேன்.

“உம்மா, அது நீதானே?”

வெளியே போய்க் கைலியைப் பிழிந்து கொடியில் போட்டாள். நான்கு முனையையும் இழுத்துவிட்டாள். பிறகு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

“அந்தப் பொத்தான்ல செவப்பா ஒரு புள்ளி இருக்கே, அது என்னன்னு நெனச்ச?”

எங்கள் டெக்கின் ஒரு பொத்தானில் சிவப்புப் புள்ளி உண்டு. வள்ளத்துக்கு அடிக்கும் பெயிண்ட். சின்ன வயதில் நான்தான் எதையோ பூசிவிட்டேன் என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்.

“ஒங்க வாப்பா வச்சது. மைக்க சொருகிட்டு அத அமுக்குனா படம் அப்பிடியே இருக்கும், சத்தம் மட்டும் போயி நாம பேசுறது ஏறிரும். கடிதாசியத்தான் ஊரே படிக்கிதே. பேசுறதுக்கு வேற என்ன வழி?”

“மேஜிக்ல மட்டும் ஏன்?”

“பாட்டுல பேசுனா பாட்டு போயிரும். அவருக்குப் பாட்டு உசுரு. நாடகத்துல பேசுனா ரூம்ல உள்ளவங்க என்னடா இது பொம்பளக் கொரலுன்னு கேப்பாங்க. மேஜிக்குக்குப் பேச்சு என்னத்துக்கு? கையப் பாத்தாப் போதும். அத ஒரு தடவ பாத்துட்டாங்கன்னா மறு தடவ ஒருத்தனும் உக்கார மாட்டான், டீ குடிக்கப் போயிருவான். அப்பப் போட்டுக் கேட்டுக்குவேன்னாரு. மொதத் தடவ பாக்கும்போது மேஜிக் வந்தா சத்தத்தக் கொறச்சுக்குவாராம்.”

வெட்கப்படுகிறாளா என்று பார்த்தேன். இல்லை. ஆணம், அதாவது குழம்பு, வைக்கும் பழைய குறிப்பு ஒன்றைச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“கேட்டுட்டேன்னு அவரு எப்படிச் சொல்லுவாரு?”

“கம்பி நல்லா நிக்கிதான்னு எழுதுவாரு.”

கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

“ஒரு கட்டத்துல கம்பியக் கேக்குறத விட்டுட்டாரு” என்றாள். “நான் பேசிப் பேசி அனுப்புறேன், கடிதாசி சலாம் சொகத்தோட முடிஞ்சிருது. பெரியவாப்பா கூடக் கேட்டாரு, என்ன இவன் கம்பிய மறந்துட்டானான்னு. கடைசியா அந்தக் கேசட்லதான் கேட்டேன். நீ கேட்டியே, அது. வந்தாரு. ரெண்டு மாசம் இருந்தாரு. மாடிக்குச் செங்கல் எறக்கிப் போட்டுட்டுப் போயிட்டாரு.”

“நேர்ல கேக்கலியா?”

“கேட்டுட்டும் கேக்காத மாதிரி இருக்கவர்ட்ட இன்னும் என்னத்தக் கேக்க? அதுக்குப் பொறவு நான் அந்தப் பொத்தானத் தொடல.” எழுந்தாள். “கடல்ல போடு அத. வாப்பாட்ட சொல்லாத.”

அவள் போனபின் நான் டெக்கின் முன்பக்க மூடியைத் திறந்து பார்த்தேன்.

தொழில்நுட்பம் தெரியாதவர்களுக்கு ஒரு சேலையை வைத்துச் சொல்லிவிடலாம். கேசட் நாடாவில் சத்தம் இரண்டு இடத்தில் பதிவாகும். ஒன்று ஓரத்தில், சேலைக்குக் கரைபோல. இன்னொன்று உடம்பில், படத்தோடு சேர்த்து நெய்ததுபோல. சாதாரண டெக்குக்குக் கரையை மட்டும்தான் படிக்கத் தெரியும். உயர்ந்த ரக டெக் இரண்டையும் படிக்கும். எது வேண்டும் என்று உள்ளே ஒரு சின்ன விசை இருக்கும். சிவப்புப் புள்ளிப் பொத்தான் அழித்து எழுதுவது கரையில் மட்டும். உடம்பில் பழைய வாத்தியம் அப்படியே இருக்கும்.

எங்கள் வீட்டு டெக் உயர்ந்த ரகம். அதில் விசை கரைப் பக்கம் இருந்தது. டெக்கைச் சுத்தம் செய்த முதல் நாளே நான் அதை மறுபக்கம் தள்ளிவிட்டேன். நல்ல சத்தம் வேண்டும் என்கிற யாரும் அதைத்தான் செய்வார்கள். அன்றைக்கு நாடாவில் பூஞ்சை பிடித்த ஓர் இடத்தில் உடம்புச் சத்தம் அறுந்துபோக, டெக் தானாகவே சில நொடி கரைக்குத் தாவியிருக்கிறது. கரையில் உம்மா இருந்தாள்.

மூன்று சாத்தியங்கள். வாப்பா கேட்டார், கேட்டதை மறைத்தார். அல்லது அந்தக் கேசட்டுகள் அவரிடம் போய்ச் சேரவில்லை. ஆனால் அவர்தானே திருப்பிக் கொண்டுவந்தார். மூன்றாவது, கேசட் கிடைத்தும் அவருடைய டெக் கரையைப் படிக்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ள வாப்பாவிடம் ஒரு கேள்விதான் கேட்கவேண்டியிருந்தது. அதில் உம்மாவின் பேச்சை எடுக்க அவசியமில்லை.

விளமீன் ஆணம்

மதியம். வாப்பா பாயில் உட்கார்ந்து சோற்றில் குழி பறித்து ஆணத்துக்காகக் காத்திருந்தார். உம்மா அடுப்படியில் இருந்தாள்.

“வாப்பா, ஷார்ஜா ரூம்ல என்ன டெக்கு வச்சிருந்தீங்க?”

“அதயும் ஒன் லிஸ்ட்ல எழுதணுமா?” சிரித்தார். “பழைய டெக்கு. எட்டுப் பேரு சேந்து வாங்குனது. கேசட்ட முழுங்கும், துப்பாது. ஸ்பூன விட்டு நோண்டி எடுப்போம். ஒரு நாளு ஸ்பூனையும் முழுங்கிருச்சு.”

“கடைசி வரைக்கும் அதானா?”

“இல்ல புள்ள, அது செத்துப்போச்சு. பொறவு நானே ஒண்ணு வாங்குனேன். இங்கன இருக்குல்ல, அச்சு அசலா அதே மாதிரி. கடைக்காரன் சாதா செட்டு எடுத்துக் காமிச்சான். வேணாம்ப்பா, எங்க வீட்ல உள்ள மாதிரியே குடு, சத்தம் தெளிவாக் கேக்கணும்னு வாங்கியாந்தேன்.” வெறும் சோற்றை விரலால் கிளறினார். “ஆனா அது வந்த நேரம், கேசட்ல வெறும் ப்ரோகிராமுதான் வந்துச்சு.”

“வெறும் ப்ரோகிராம்னா?”

“அதான். மேஜிக்குன்னா மேஜிக்கு. பேண்டு வாத்தியம்.” குரலைத் தாழ்த்தினார். “அப்ப ஒங்க உம்மாவுக்கு வேல ஜாஸ்தி. வீடு நெறைய ஆளு. முடிஞ்சிருக்காது. நானும் கேட்டுக்கிறல.”

அடுப்படி வாசலில் உம்மா ஆணச் சட்டியைத் துணியால் பிடித்தபடி நின்றாள்.

“என்ன முடிஞ்சிருக்காது?”

வாப்பா நிமிர்ந்தார்.

“நான் எந்தக் கேசட்ல பேசாம விட்டேன்?” என்றாள்.

“பேசுனியா?”

“பேசுனேனாவா?”

நான் சட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தேன். சூடு எனக்கே தாங்கவில்லை. பிறகு அவளுடைய சேலை முந்தானையை எடுத்து, கரை எது, உடம்பு எது என்று காட்டி, மேலே எழுதியதை அவர்களுக்குச் சொன்னேன். வாப்பா பள்ளிப் பிள்ளைபோல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு முறை முந்தானையின் கரையைத் தன் சோற்றுக் கையாலேயே தொட்டுப் பார்த்தார். உம்மா அவர் கையைத் தட்டிவிடவில்லை.

“அப்ப அந்த விசையத் தள்ளியிருந்தா...”

“கேட்டிருக்கும் வாப்பா.”

“கடையில ஒருத்தனும் சொல்லலியே” என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. “நான் பெரிய செட்டுன்னுல்ல வாங்குனேன்.” பிறகு என்னைப் பார்த்தார். “இன்னும் இருக்கா அதுல?”

“பூஞ்ச புடிச்சிருக்கு. ஆனா இருக்கு.”

“ஒண்ணும் இருக்க வேணாம்” என்றாள் உம்மா. “ஆணத்த ஊத்திக்கங்க, ஆறிப்போகுது.” அவளே ஊற்றினாள். குழி நிரம்பி வழிந்தும் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சத்தமில்லாமல்

சாப்பிட்ட பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு உம்மா மாடிக்கு வந்தாள். வாசற்படியைத் தாண்டவில்லை.

“அந்த மேஜிக் கேசட்ட அவருக்குப் போட்டுக் குடு.”

“பதினேழா?”

“புது டெக்கு வந்த பொறவு அனுப்புனது எல்லாம்.” நாலைந்து இருக்கும். “நீ கேக்காத.”

“கேக்கல உம்மா.”

பூஞ்சை பிடித்த நாடாவைப் பலமுறை ஓட்ட முடியாது. ஓடும்போதே உரிந்து வந்துவிடலாம். சில கேசட்டுகள் என் கண்முன்னாலேயே அப்படிப் போயிருக்கின்றன. அதனால் முதலில் பதினேழின் மூடியைக் கழற்றி, மெல்லிய துணியால் நாடாவைக் கையாலேயே அடி அடியாகத் துடைத்தேன். விசையைக் கரைப் பக்கம் தள்ளினேன். ஒலிப்பெருக்கியின் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பதிவை ஓடவிட்டேன்.

எனக்குச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் பதிவு சரியாக ஏறுகிறதா என்று பார்க்கத் திரையின் ஓரத்தில் இரண்டு பச்சைக் கோடுகள் உண்டு. சத்தம் இருந்தால் எழும், இல்லையென்றால் விழும். மேஜிக்காரர் கைக்குட்டையை உதறியதும் கோடுகள் மெல்ல எழுந்தன. ஒரே சீராகப் போயின. ஓரிடத்தில் நின்றுவிட்டன. மேஜிக்காரர் புறாவைப் பறக்கவிட்டு, இன்னொன்றை எடுத்து, அதையும் பறக்கவிடும் வரைக்கும் நின்றிருந்தன. நாடா போய்விட்டது என்று பயந்தேன். பிறகு கோடுகள் சின்னதாகத் துள்ளின. சிரித்தாளோ, மூக்கை உறிஞ்சினாளோ, எனக்குத் தெரியாது. கூண்டைத் துணியால் மூடி மேஜிக்காரர் தலைகுனியும் வரை அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நாடா தாங்கியது.

வாப்பாவை மாடிக்கு அழைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, எந்தப் பொத்தானை அமுக்கவேண்டும் என்று காட்டினேன். அவர் கட்டிலின் நுனியில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். தான் கட்டிய மாடியைப் புதிதாகப் பார்க்கிறவர்போல் இருந்தது. நான் கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன்.

உம்மா அடுப்படித் தரையில் சுளகை வைத்துக்கொண்டு அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் வாங்கிய சுத்தமான அரிசி. அதில் கல் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன்.

அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பாங்கு முடிவதற்குள் செருப்பை மாட்டும் ஆள் வாப்பா.

“பாங்கு சொல்லியாச்சு” என்று உம்மா அரிசியைப் பார்த்துச் சொன்னாள். “இன்னும் எறங்கல.”

மேலே கட்டில் நகரும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு குழாயில் தண்ணீர் விழும் சத்தம். கடைசியில் படியில் காலடி கேட்டது. வாசலுக்குப் போகவில்லை. அடுப்படிக்கு வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தாடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண் சிவந்திருந்தது. நான் எழப்போனேன். உம்மா என் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள். உட்கார்ந்துவிட்டேன்.

“சபுரா” என்றார்.

“ம்.”

தாடித் தண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

“ஆன்டெனா கம்பி நல்லா நிக்கிதா?”

சுளகு நின்றது. மேலே மொட்டை மாடியில் அந்த இரும்புப் பட்டையில் கட்டிய கொடியில் அவருடைய கைலி காய்ந்துகொண்டிருந்தது. உம்மா சுளகை மறுபடி ஆட்டத் தொடங்கினாள்.

“நிக்கிது” என்றாள். “நல்லாத்தான் நிக்கிது. போங்க, தொழுதுட்டு வந்துருங்க.”